படத்தோடு ஈயையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வேளாண் பக்கத்தில் வாசகர்கள் அனுப்பும் பூச்சிப் படங்களைப் பார்த்துப் பெயரும் மருந்தும் சொல்கிறீர்கள். நல்ல வேலை, நானும் விடாமல் படிக்கிறேன். பழ ஈயை மட்டும் ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் என் பாகல் பந்தலில் எந்தக் காயை வெட்டினாலும் புழு. இலையில் உட்கார்ந்திருந்த ஈயைக் கைபேசியில் எடுத்துத் தெரிந்த ஆலோசகர் ஒருவருக்கு அனுப்பினேன். மாம்பழ ஈ, ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் மீத்தைல் யூஜினால் மருந்து வைத்த பொறி கட்டுங்கள் என்றார். கட்டினேன். தினமும் ஈ விழுந்துகொண்டே இருந்ததால் மருந்து கேட்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன், காயில் சொத்தை மட்டும் குறையவில்லை. விழுந்ததெல்லாம் பக்கத்துக் கொய்யாத் தோப்பு ஈ என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பாகல், புடலை, பீர்க்கனைக் கெடுக்கும் ஈயின் ஆண் மீத்தைல் யூஜினாலுக்கு வராது, அதற்குக் கியூலூர் என்கிற வேறு கவர்ச்சி மருந்து வேண்டும்.

எப்படித் தெரிந்தது என்றால், சொத்தைக் காய்களை மணல் போட்ட வாளியில் வைத்துத் துணியால் மூடிக் கட்டினோம். புழு மணலுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அப்புறம் ஈயாக வந்தது. வந்த உடனே பார்த்தால் வெளிறிப்போய் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மூன்று நான்கு நாள் விட்டோம், நிறம் பிடித்தது. செம்பழுப்பு முதுகில் பக்கத்துக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக மூன்று மஞ்சள் கோடு, இறக்கை விளிம்புப் பட்டை நுனியில் அகலமாக விரிந்திருந்தது. மாவுக்கும் கொய்யாவுக்கும் வரும் டார்சாலிஸ் ஈக்கு அந்த நடுக்கோடு கிடையாது, இறக்கைப் பட்டையும் மெல்லியது. நான் அனுப்பிய படம் பக்கவாட்டில் எடுத்தது, அதில் முதுகே தெரியாது.

டார்சாலிஸ், அதன் சொந்தக்கார ஈக்களான சோனேட்டா, கரெக்டா மூன்றையும் பிரிப்பது இன்னும் கஷ்டம், முகத்துக் கரும்புள்ளியைக்கூடப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மீத்தைல் யூஜினால் என்பதால், பொறி கட்டுகிற வரைக்கும் மா விவசாயிக்கு அதில் நஷ்டமில்லை. நிபுணர்களே தடுமாறிய இடம் இது. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் கிடைத்த ஈக்களைப் பார்த்து 2005-ல் இன்வேடன்ஸ் என்று புது இனமாகப் பெயர் வைத்தார்கள், 2015-ல் அதுவும் டார்சாலிஸ்தான் என்று சேர்த்துவிட்டார்கள். அவர்கள் கையில் ஈயே இருந்தது, நம்மிடம் இருப்பது மங்கலான ஒரு படம்.

அதனால் படம் அனுப்புகிறவர்களிடம் முதுகு, முகம், விரித்த இறக்கை என்று மூன்று படம் கேளுங்கள். ஆல்கஹாலில் போட்டால் நாளாக நாளாக நிறம் மங்கும், ஆகவே படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நாலைந்து ஈயைச் சின்ன பாட்டிலில் ஆல்கஹால் ஊற்றிப் போட்டு, ஊர், தேதி, எந்தக் காயிலிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே போட வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை கரைந்துவிடும். பொறியில் மழைத் தண்ணீரில் ஊறிய ஈ வேண்டாம். அந்த பாட்டிலைப் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கலாம் என்பதையும் உங்கள் பதிலுக்குக் கீழே வாராவாரம் இரண்டு வரி போடுங்கள்.

இந்தப் பட்டத்துக்கு மறுபடியும் பாகல்தான் போட்டிருக்கிறேன், கியூலூர் பொறி பூ வைக்கும் முன்பே கட்டியாகிவிட்டது.

பாகல் விவசாயி ஒருவர்,
ஒட்டன்சத்திரம்