அம்மிணிக்கு, டார்ட்மவுத் போய் வந்து எழுதுவது

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று சின்னவனோடு இங்கிலாந்தில் டார்ட்மவுத் என்ற துறைமுக ஊருக்குப் போயிருந்தேன். கிங்ஸ்வேரில் ரயிலை விட்டு இறங்கிப் படகில் ஆற்றைக் கடக்கும்போதுதான் உன் போன் வந்தது. ராணுவ அதிகாரியாகப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சைனிக் பள்ளிக்கான மாதிரித் தேர்வில் பேரனுக்குக் கணக்கில் 150க்கு 92 என்று சொன்னாய். பின்னால் அவன் விசும்புவது எனக்குக் கேட்டது. படகு இரைச்சலில் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் நின்றிருந்த அந்த ஆற்றில்தான் 1863 முதல் 'பிரிட்டானியா' என்ற பழைய போர்க்கப்பல் நின்றது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியாகப் போகிற பையன்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். மறு வருஷம் 'இந்துஸ்தான்' என்ற இன்னொரு கப்பலும் துணைக்கு வந்தது. பையன்களுக்கு வயது 12, 13. தூளி மாதிரி தொங்கும் கான்வாஸ் படுக்கையில் தூங்கி, ஆளுக்கொரு மரப்பெட்டியில் உடைமைகளை வைத்துக்கொண்டு அங்கே வளர்ந்தார்கள். நம்ம பையனுக்கு இன்னும் 11 முடியவில்லை.

அதற்கு முன்னால், தெரிந்த பெரிய மனிதர் ஒருவர் பையனின் பெயரைப் பரிந்துரைத்தால் இடம். பின்னாளில் கடற்படையையே மாற்றியமைத்த ஃபிஷர் 1854இல் சேர்ந்தது அப்படித்தான். இலங்கை ரம்பொடையில் பிறந்தவர். பரிந்துரைத்தவர், புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சன் காலத்து அட்மிரல் பார்க்கர். தனக்கு நடந்த பரீட்சையை ஃபிஷரே சொல்லியிருக்கிறார்: கிறிஸ்தவ ஜெபம் ஒன்றை எழுதினார், மூன்று எண்ணை வைத்து நான்காவதைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்று போட்டார், ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயின் குடித்தார். அவ்வளவுதான்.

1870 வாக்கில் போட்டித் தேர்வு வந்தது. அப்போதும் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. பரிந்துரை பெற்றவர்கள் மட்டும் தங்களுக்குள் மோதிக்கொள்ளலாம். தேறினாலும் வருஷத்துக்கு 70 பவுண்டு அளவில் கட்ட வேண்டும். தச்சர் மகனும் மீனவர் மகனும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அந்தக் கப்பலின் ஏணியில் கால் வைத்திருக்க முடியாது. எனக்கு வயிறு எரிந்தது அம்மிணி. என் அப்பாவுக்குப் பெரிய மனிதர் யாரையும் தெரியாது. நான் பரீட்சை எழுதித்தான் வேலைக்கு வந்தேன். பரீட்சை வேண்டாம் என்று நான் எந்நாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பரீட்சை வந்ததும் பின்னாலேயே டியூஷன் வந்துவிட்டது. ஸ்டபிங்டன் ஹவுஸ் மாதிரிப் பள்ளிகள் பிரிட்டானியாவுக்கென்றே பிள்ளைகளைத் தயார்செய்தன. பின்னாளில் தென் துருவம் போன ஸ்காட்டும் அங்கே படித்துத்தான் 1881இல், 13 வயதில், கப்பலேறினார். லத்தீன், பிரெஞ்சு, கணக்கு என்று திணித்த பாடங்களில், ஒரு பையனுக்குக் கடல் பிடிக்குமா, அலையில் தலை சுற்றுமா என்று யார் கண்டது? 1903இல் கடற்படையை நிர்வகித்த அட்மிரல்டி தேர்வுமுறையை மாற்றி, பையனை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்க்கத் தொடங்கியது. அந்த மாற்றத்தை முன்நின்று செய்தவர், ஷெர்ரி குடித்து உள்ளே வந்த அதே ஃபிஷர். நேர்முகத்திலும் நல்ல குடும்பத்துப் பேச்சும் நடையும்தான் எடுபட்டிருக்கும், எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் பையனின் முகத்தைப் பார்த்தார்களே.

நம்ம பையன் எழுதட்டும். கிடைத்தால் சைனிக் பள்ளி இருக்கும் அமராவதிநகருக்கு நானே பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டியூஷனை மட்டும் நிறுத்திவிடு. போன மாசம் அவனாகவே மூங்கில் பட்டையும் பிளாஸ்டிக் கேனும் கட்டிக் குளத்தில் தெப்பம் விட்டான், மறந்துவிட்டாயா? கவிழாமல் இருக்க எந்தப் பக்கம் கனம் வேண்டும் என்று அவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேனைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஊருக்கு வந்ததும் முதல் ஞாயிறு நானும் அவனும் குளத்துக்குப் போகிறோம். நீயும் வா.

92ஐப் பற்றி அவனிடம் இனி எதுவும் கேட்காதே. தப்பான கணக்குகளைத் தனியாக எழுதி வைக்கச் சொல், நான் சாயந்திரம் போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா