முதலில் கண்ணாடிக்குப் புள்ளி வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக வளாகச் சுவரில் மாணவர்கள் இயற்கை ஓவியம் வரைவதை உங்கள் நாளிதழில் படத்தோடு போட்டிருந்தீர்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுவரின் நடுவில் ஒரு பாண்டா கரடி உட்கார்ந்து மூங்கில் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓவியத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. காய்ந்த இலையைத் தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதியதுதான் நான் செய்த கலைச்சேவை. எங்கள் வளாகத்திலும் முதல் தடவை வந்தது பனிக்கரடி. கூடவே ஒரு திமிங்கிலம். இரண்டும் இணையத்திலிருந்து இறக்கிய படங்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. நூலகத்துக்கு எதிரே நின்ற வேப்பமரத்தின் அடித்தண்டில் எனாமல் பெயின்டால் ஒரு புலி முகத்தை வரைந்தார்கள். மரப்பட்டையில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதே, அந்தத் துளைகள் வழியாகத்தான் தண்டு காற்று வாங்குகிறது. அவற்றின் மேல் பெயின்டை அப்பிவிட்டு, அடியில் ‘மரம் காப்போம்’ என்று வேறு எழுதியிருந்தார்கள். துறையில் சொன்னேன். கமிட்டியிடம் சொல்லுங்கள் என்றார்கள். கமிட்டியில் சொன்னேன். நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

அடுத்த முறை பொறுப்பெடுத்த பிள்ளைகள் வேறு மாதிரி. பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் ஒரு மாதம் நோட்டும் கையுமாக அலைந்தார்கள். பேராசிரியர்களிடம் இல்லை, வளாகத்தில் நாளெல்லாம் நடமாடுகிறவர்களிடம். இங்கே என்னென்ன பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இரவுக் காவலர் கூட்டிப்போய் ஆந்தைப் பொந்தைக் காட்டினார். ஒரே பறவையை ஒருவர் கரிச்சான் என்றார், இன்னொருவர் இரட்டைவால் குருவி என்றார், மூன்றாமவர் வலியன்தான் என்று சாதித்தார். மூன்றையும் எழுதிக்கொண்டார்கள்.

தோட்ட வேலை பார்க்கும் அம்மாவிடம், எந்தப் பறவையை அதிகமாகப் பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் திருப்பிக் கேட்டார்: “உயிரோடயா தம்பி, செத்ததா?”

அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. இரண்டு கட்டடங்களை இணைத்து ஒரு கண்ணாடி நடைபாதை கட்டியிருக்கிறார்கள். அதற்கு வெளியே விழுந்து கிடக்கும் பறவைகளை அவர் விடியற்காலையில் முறத்தில் எடுத்துக்கொண்டுபோய் செம்பருத்திச் செடியடியில் புதைத்து வந்திருக்கிறார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரு கேட்டா?” என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒன்றைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்தார். வெண்தொண்டை மீன்கொத்தி. என் உள்ளங்கையில் வைத்தபோது தலை ஒரு பக்கமாகத் துவண்டது. பவழ நிற அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. முதுகு மட்டும், உயிரோடு இருப்பதுபோல, அத்தனை நீலம். சுவருக்கு அந்தப் பறவைதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. குளமே இல்லாத வளாகத்தில் மீன்கொத்தியா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அது வெட்டுக்கிளியும் பல்லியும் பிடித்துத் தின்றே காலம் தள்ளும் என்று தோட்டக்கார அம்மாதான் பதில் சொன்னார். அவர் சொன்னது சரி.

அந்த நீலத்தைக் கலக்க ஒரு மாணவி மூன்று நாள் போராடினார். வரவே இல்லை. எப்படி வரும்? அது சாயத்தால் வரும் நீலம் இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது. டப்பாவில் கிடைக்காது. கடைசியில் கிடைத்ததைப் பூசினார். பரவாயில்லை.

எல்லாவற்றையும் உண்மையான அளவிலேயே வரைவது என்று தீர்மானித்தார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் சுவரில் ஜேன் கிம் என்ற ஓவியர் 243 பறவைக் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒன்றாக, உயிர் அளவிலேயே வரைந்து 2015-இல் முடித்தார். அதைப் பார்த்து வந்த யோசனை. ஆனால் எங்கள் பிள்ளைகள் எறும்பையும் அதே அளவில் வரைந்துவிட்டார்கள்! சுவரின் அடியோரமாக ஓர் எறும்பு வரிசை போகிறது. குனிந்தால்தான் தெரியும். நிஜ எறும்புகளும் அதே வழியில் போவதால் எது எது என்று ஒரு கணம் குழம்பும்.

பிரைமர் அடிப்பதற்காகச் சுவரைச் சுரண்டியபோது சின்னப் பானை மாதிரி ஒரு மண்கூடு இருந்தது. பெயர்த்து எறியப் போனவரைத் தோட்டக்கார அம்மா தடுத்துவிட்டார். குளவிக் கூடு. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். உள்ளே நடப்பது வேறு. குளவி புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து கூட்டுக்குள் அடைக்கிறது. அங்கே இட்ட முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்தப் புழுதான் தீனி. அதைத் தின்று வளர்ந்துதான் புதுக் குளவி வெளியே வருகிறது. கூட்டைச் சுற்றி ஒரு சாண் இடத்தை வண்ணம் படாமல் விட்டுவிட்டு, பக்கத்தில் இந்தக் கதையை வரைந்தார்கள். சில வாரத்தில் கூட்டில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அதைக் காட்ட என்னைப் போன் பண்ணிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன்.

சுவர் முடிந்தது. ஆனால் மீன்கொத்தியைச் சுவரில் வரைந்துவிட்டு, அதைக் கொன்ற கண்ணாடியை அப்படியே விடுவதா என்று அந்த மாணவிதான் கேட்டார். கண்ணாடியில் மரமும் வானமும் தெரிவதால் வழி இருக்கிறதென்று பறவை நேரே பறந்து வந்து மோதுகிறது. ஏற்கெனவே பராமரிப்புப் பிரிவில் கருப்புப் பருந்து ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதனால் பயனில்லை. ஸ்டிக்கரை விட்டு விலகி, பக்கத்துக் கண்ணாடியில் மோதும். கண்ணாடி முழுக்க, அதுவும் வெளிப்பக்கம், புள்ளியோ கோடோ இருக்க வேண்டும். இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் சிறு பறவைகள் அதற்குள் புகுந்து போய்விடலாம் என்று வந்துவிடும். உள்பக்கம் ஒட்டினால் வெளியே தெரியும் பிம்பம் அதை மறைத்துவிடும்.

அட்டையில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு அச்சு செய்தேன். இதில் மட்டும் நானும் கலைஞன். மழைக்குக் கரையாத வெள்ளைப் பெயின்டு. மாணவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், விடுதிச் சமையலறையில் இருப்பவர்கள், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். தோட்டக்கார அம்மாவிடம் அட்டையை எப்படிப் பிடிப்பது என்று விளக்கப் போனேன். “புள்ளி வைக்க எனக்குச் சொல்லித் தர்றீங்களா ஐயா?” என்று சிரித்தார். அவர் வைத்த வரிசைதான் கோணாமல் இருக்கிறது.

மோதுவது அடியோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. எப்போதாவது ஒன்று விழுகிறது. ஆனால் முறத்தோடு தினம் அங்கே போகும் வேலை அவருக்கு இல்லை.

இதை எழுதக் காரணம், இன்னொரு கண்ணாடிக் கட்டடம் எழும்புகிறது. அதன் முகப்பில் இயற்கை ஓவியம் வரையப் பணம் ஒதுக்கியிருப்பதாகக் கேள்வி. கண்ணாடிக்கு எதுவும் இல்லையாம். எந்த வளாகமானாலும் சரி, கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அதைக் கண்ணாடிக்குக் கொடுங்கள். அப்புறம் சுவருக்கு என்ன வரைவது என்று தோட்ட வேலை செய்பவர்களையும் காவலர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வரைந்தவர்கள் பெயரோடு அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.

அட்டை அச்சு என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்