பேப்பர் பூ கட்டைக்குத் தண்ணி தெளிச்ச அண்ணனுக்கும், மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல பாதிப் பேருக்கு நேர்லயே தெரியும், மீதிப் பேருக்கு நான் போன்ல அழுததுலயே தெரிஞ்சிருக்கும், அதனால வீடு கைமாறின கதை, ஜேசிபி வர்ற கெடு, அம்மாவுக்கு வந்த மயக்கம் இதையெல்லாம் திரும்ப எழுதப் போறதில்ல. அம்மா இப்ப நல்லா இருக்காங்க. நேத்து காபில சக்கரை பத்தலன்னு சண்டை போட்டாங்க, அந்த அளவுக்கு நல்லா இருக்காங்க. திருச்சி உறையூர் வீட்டை இடிக்க ஜேசிபி வர்றதுக்குள்ள, போன்சாய் (தொட்டிக்குள்ள குட்டியா வளர்க்கற மரம்) ஆக்கலாம்னு அவசரமா தோண்டி எடுத்த பேப்பர் பூ கட்டையும், அதான் போகன்வில்லா, மொட்டைமாடில இருக்கு. அது பொழைக்குமா பொழைக்காதான்னு உறுதியா சொல்ல இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும், ஆனா நன்றி சொல்றதுக்கு அது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க என்னால முடியல.

போன்சாய் தெரியாதவங்க "ஒரு பேப்பர் பூ செடிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்"னு நினைக்கலாம், நினைச்சவங்க எங்க வீட்லயே இருக்காங்க. உறையூர் வீட்டு காம்பவுண்டு ஓரமா அம்மா 1988ல ஒரு குச்சியை ஒடிச்சு நட்டது அது. இப்ப அடித்தண்டு குறுக்க 9 அங்குலம். தொட்டில வச்சு எத்தனை வருஷம் வளர்த்தாலும் இந்த மாதிரி அடி பெருக்காது, தரையில வேரை விட்டு அதும்பாட்டுக்கு வளரணும். ஜப்பான்ல மலையிலேர்ந்து தோண்டி எடுத்துட்டு வர்ற மரத்தை யமடோரின்னு சொல்வாங்க, எனக்கு மலையெல்லாம் எதுக்கு, உறையூர் செவுத்தோரமே போதும்னு ஆறு வருஷமா அந்தத் தண்டு மேல ஒரு கண்ணு. ஒழுங்கா செய்யறதா இருந்தா முன்னாடியே ஒரு பக்க வேரை வெட்டி விட்டு, சல்லிவேர் வந்தப்புறம் அடுத்த பக்கம்னு நிதானமா எடுத்திருக்கணும். கத்திரி வெயில்ல, ஒரே நாள்ல, அதுவும் அந்த நிலைமைல எடுப்பேன்னு கனவுல கூட நினைக்கல.

சரி, வரிசையா சொல்லிடறேன். ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணாலும் எடுத்து "கிளையெல்லாம் முதல்ல வெட்டிடு, பாவம் பாக்காத, ஒன்றரை அடிக்கு மேல எதுவும் வேணாம், இலை இருந்தா இருக்கற தண்ணியெல்லாம் அதுதான் குடிக்கும்"னு சொன்ன போன்சாய் நண்பர்களுக்கு, மதியம் வரைக்கும் அந்த மூலைப் பக்கம் ஜேசிபியைத் திருப்பாம வச்சிருந்த சூப்பர்வைசர் தம்பிக்கு, குட்டி யானை டிரைவருக்கு (லேட்டா வந்ததுக்கு மன்னிச்சாச்சு), வீடு கட்டி மீந்த ஆத்து மணலை ரெண்டு சாக்கு குடுத்த மாடி வீட்டு அக்காவுக்கு, கட்டையை நட மீன் மார்க்கெட்ல தெர்மகோல் பெட்டி வாங்கிட்டு வந்த என் பையனோட ஃப்ரெண்ட்ஸுக்கு, எல்லாருக்கும் நன்றி. பெட்டியை நாலு தடவை கழுவியும் வாடை போகல, தினமும் மூணு பூனை வந்து கட்டையைச் சுத்திப் பாத்துட்டு ஏமாந்து போகுது.

மண்ணு வேலைக்கு வந்த ரெண்டு அண்ணன்களுக்குத் தனியா சொல்லணும். அவங்களுக்குக் கடப்பாரையைப் போட்டு நெம்பினா அரை மணி நேர வேலை. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, நெம்பாதீங்கண்ணே வேர் நசுங்கிடும், சுத்தி ஒன்றரை அடி தள்ளிப் பள்ளம் பறிங்க, வேர் தெரிஞ்சா ரம்பத்தால அறுங்கன்னு உயிரை எடுத்தேன். பேப்பர் பூ வேர் முருங்கை வேர் மாதிரி சதைப்பத்தா இருக்கும், சட்டுனு ஒடிஞ்சிடும், மண்ணையும் பிடிச்சு வச்சுக்காது. தூக்கினப்ப மண்ணு மொத்தமும் பொலபொலன்னு கொட்டி வேர் அம்மணமா நின்னுச்சு. அதுல ஒரு அண்ணன் கடைசி வரைக்கும் "ஏம்மா, அடுப்புக்குத்தானே?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். ரெண்டு பேர் கைலயும் முள்ளு குத்தி தடிச்சுப் போயிடுச்சு, அதுக்கு மன்னிப்பும்.

அப்பத்தான் அம்மாவுக்கு அந்த மயக்கம் வந்துச்சு. காலைல பதினொண்ணு இருக்கும். கட்டையை வாசல்ல, வெயில்ல, அப்படியே போட்டுட்டு நான் ஆட்டோ பிடிச்சு ஓடுனேன். மண்ணு வேலைக்காரங்களும் காசு வாங்கிட்டுக் கிளம்பிட்டாங்க, அவங்க வேலை முடிஞ்சுது. ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏறி அம்மா கண்ணு முழிச்சு பேச ஆரம்பிச்சப்புறம்தான் எனக்குக் கட்டை ஞாபகமே வந்துச்சு. அந்த வெயில்ல மண்ணில்லாத வேர் அரை மணி நேரம் தாங்காது. போயிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். சத்தியமா சொல்றேன், அந்த நேரத்துல அதுக்காக வருத்தப்படக் கூட தெம்பு இல்ல.

ரெண்டரை மணிக்கு, மிச்ச சாமானை ஏத்தலாம்னு திரும்பி வந்தா, வாசல்ல அயன் வண்டி அண்ணன் நிக்கிறார். எங்க செவுத்தோரமா வண்டி போட்டு நான் ஸ்கூல் படிச்ச காலத்துலேர்ந்து தேய்க்கிறவர், எனக்கு 44 வயசாகியும் இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடுவார். மேசை மேல விரிக்கிற அந்தத் தடிமனான கம்பளி இருக்குல்ல, அங்கங்க பெட்டி சுட்டு பழுப்பா கறை இருக்குமே, அதை எடுத்து நனைச்சு வேரைச் சுத்திக் கட்டியிருந்தார். அதுக்கு மேல ஒரு பழைய வேட்டி. வண்டியோட ஒரு பக்கப் பலகையைக் கழட்டி கட்டைக்கு நிழலா சாய்ச்சு வச்சிருந்தார். இடது கைல கிண்ணம், வலது கைய அதுல முக்கி விரலை உதறி உதறி தெளிச்சுக்கிட்டிருந்தார், சட்டைக்குத் தெளிப்பாரே, அதே தெளிப்பு, அதே உதறல். அவர் பெட்டியில கரி எப்பவோ அணைஞ்சு சாம்பலா கிடந்துச்சு. தேய்க்காத துணி மூட்டை அவிழ்க்காமயே இருந்துச்சு.

மூணரை மணி நேரம். யாரும் அவரைக் கேட்டுக்கல. நான் ஆட்டோவுல ஏறும்போது அவர் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கல.

என்ன சொல்றதுன்னு தெரியாம "ரொம்பத் தண்ணி ஊத்துனீங்களாண்ணே"ன்னுதான் கேட்டேன், பாருங்க என் லட்சணத்தை. அவர் கோவிச்சுக்கல. "ஊத்தக் கூடாது பாப்பா. துணி காஞ்சா சுருக்கம் போகாது, சொதசொதன்னு இருந்தா வாடை அடிக்கும். கை வச்சா குளுகுளுன்னு இருக்கணும், சொட்டக் கூடாது. வேரும் அப்படித்தானேன்னு பாத்துக்கிட்டேன்." போன்சாய் பத்தி ஆறு வருஷமா நான் படிச்சது, வகுப்புக்குக் காசு கட்டிப் போனது, அத்தனையும் வேர் விஷயத்துல இந்த ஒரு பேச்சுக்குள்ள அடங்கிடும்.

கட்டையை வண்டில ஏத்திக் கயிறு கட்டற வரைக்கும் எனக்கு உறைக்கல. அவர் தலைல துண்டைப் போட்டுக்கிட்டு வெயில்ல நிக்கிறாரேன்னு பாத்தப்புறம்தான் அண்ணாந்து பாத்தேன். மேல ஒண்ணுமே இல்ல, வெறும் வானம். இத்தனை வருஷமா அவருக்கு நிழல் குடுத்ததே அந்தச் செடிதான், செவுத்தைத் தாண்டி வண்டி மேல கவிஞ்சு நிக்கும், பூ உதிர்ந்து துணி மேல விழுந்தா ஊதி விட்டுட்டுத் தேய்ப்பார். முதல் நாள் சாயங்காலம் அதை மொத்தமா வெட்டிச் சாய்ச்சது நான். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எப்படியும் ஜேசிபி வந்து தள்ளத்தான் போகுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கலாம், ஆனா அது ஞாயம் இல்லன்னு எனக்கே தெரியும்.

இந்தச் செடியோட பேர் பத்தி ஒரு கதை உண்டு. போகன்வில்லாங்கறது ஒரு பிரெஞ்சு கப்பல் தலைவரோட பேர். 1767ல அந்தக் கப்பல் கூட்டம் பிரேசில்ல ரியோ டி ஜெனிரோவுல நின்னப்பதான் இந்தச் செடி அவங்க கைல சிக்குச்சு. கப்பல்ல இருந்த தாவர நிபுணர் கொம்மர்சோனுக்குக் கால்ல புண்ணு, சரியா நடக்க முடியாது. அவருக்கு உதவியாளரா ஆம்பள வேஷத்துல வந்திருந்த ஜான் பாரேங்கற பொண்ணுதான் காடு மேடெல்லாம் ஏறி இறங்கி, பெட்டியெல்லாம் சுமந்தது. இதையும் பறிச்சது அவளாத்தான் இருக்கும்னு சொல்றவங்க நிறைய பேர். பேர் என்னவோ கப்பல் தலைவருக்குப் போயிடுச்சு. முன்னாடி இதைப் படிச்சப்ப உச்சு கொட்டிட்டுப் போனவதான் நான். இப்ப அப்படிப் போக முடியல, ஏன்னா இந்தக் கட்டை நாலஞ்சு வருஷம் கழிச்சு போன்சாய் தட்டுல ஏறி ஏதாவது கண்காட்சில நின்னா கீழ இருக்கற அட்டைல என் பேர்தான் இருக்கும்.

இன்னியோட 13 நாள் ஆச்சு. வெட்டின வாயெல்லாம் ஃபெவிகால் தடவி, ஆடாம இருக்கப் பெட்டியோட சேத்துக் கட்டி, பாலித்தீன் கவரைப் போட்டு மூடி வச்சிருக்கேன். உள்பக்கம் வேர்த்துப் போயிருக்கு. முந்தாநாள் காலைல பாத்தா ரெண்டு இடத்துல குண்டூசித் தலை அளவுக்கு சிவப்பா முளைச்சிருக்கு. துள்ளிக் குதிக்கல, ஏன்னா அது தண்டுல சேத்து வச்ச சத்துல வர்ற துளிர், கீழ வேரே விடாம கூட வரும், அப்புறம் ஒரு நாள் பொசுக்குனு வாடிடும். கவரைத் திறக்கக் கூடாது, கட்டையை அசைச்சுப் பாக்கக் கூடாது. திறந்து பாக்கணும்னு தினமும் கை துறுதுறுங்குது, அது வேற விஷயம்.

போன வெள்ளிக்கிழமை அண்ணனுக்குப் பெரிய குடை ஒண்ணு வாங்கிட்டுப் போனேன், இந்த ரோட்டோரக் கடைக்காரங்க வச்சிருப்பாங்களே, அது. காசு குடுத்தா வாங்க மாட்டார்னு தெரியும். குடையை வாங்கி வச்சுக்கிட்டார், சந்தோஷமாத்தான் வாங்கினார். திங்கட்கிழமை போறேன், வெயில்ல தேய்க்கிறார், குடையைக் காணோம். எங்கண்ணேன்னு கேட்டா, வெக்காளியம்மன் கோயில் பக்கம் பூ விக்கிற அவர் தங்கச்சிகிட்ட குடுத்துட்டாராம், பூ வாடிடுதாம். எனக்குக் கோவம் வந்துடுச்சு, உங்களுக்குன்னுதானே வாங்கினேன்னு சத்தம் போட்டேன். அவர் பெட்டியை நிமித்தி வச்சுட்டுச் சிரிச்சார். "ஆத்தாளே கூரை இல்லாமத்தான் உக்காந்திருக்கா. எனக்கென்ன பாப்பா."

இன்னொரு குடை வாங்கியாச்சு. இந்தத் தடவை வண்டியோட சேத்து கட்டுக்கம்பி போட்டு முறுக்கி விடறதா இருக்கேன். எங்க வீட்டுத் துணி இனிமே அவர்கிட்டதான் போகும், கே.கே.நகர்லேர்ந்து உறையூருக்குத் துணி மூட்டையைத் தூக்கிட்டுப் போறது பைத்தியக்காரத்தனம்னு வீட்டுக்காரர் சொல்றார், சொல்லட்டும். அந்தக் கம்பளியைத் துவைச்சுக் காய வச்சிருக்கேன், நாளைக்கு மூட்டையோட அதையும் கொண்டு போகணும்.