நோர்வே ஹமர்ஃபெஸ்டிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கட கடிதமும் பனங்கிழங்கு ஒடியல்மாப் பார்சலும் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தது. நான் சுகம். அத்தானின்ர முழங்கால் நோ குறைஞ்சுதோ எண்டு ஒரு வரியும் எழுதேல்லையே.

பாஸ்காவுக்குப் பிறகு என்ர இடத்துக்குப் புதுச் சுவாமி வந்து பங்கைப் பொறுப்பெடுக்கிறார். அவருக்காக ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறன். பிரசங்கம் வைக்க அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. திராட்சை இரசத்தைக் காரின்ர பின்பெட்டிக்குள் வைக்கக்கூடாது எண்டதைத்தான் சொல்லவேணும். கடற்கரை ஊர் எண்டபடியால் இங்க குளிர் ஓரளவுதான். உள்ளுக்கை கரசோக் பக்கம் 1886இல் பூச்சியத்துக்குக் கீழ 51.4 பாகை பதிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பூசைக்குப் போகேக்கை கீழ 25 பாகை எண்டது சாதாரணம். இரசம் கீழ 5, 6 பாகையிலேயே உறையத் தொடங்கி, போத்தலை வெடிக்க வைக்கும். நோயாளர் தைலம் ஒலிவ் எண்ணெய், அது தண்ணி உறைய முதலே கட்டியாகிவிடும். ரெண்டையும் கோட்டுக்குள்ள நெஞ்சோட கொண்டுபோகவேணும்.

றோட்டு விசயம் தனி. ஆணி ரயர் ஐப்பசி 16 தொடக்கம் சித்திரை 30 வரை போடலாம். புயலடிச்சால் மலைப்பாதையை மூடிவிடுவினம். பிறகு பனி தள்ளுற வாகனம் முன்னுக்குப் போக, கார்கள் வரிசையாப் பின்னுக்குப் போகவேணும். முன் காரின்ர பின்விளக்கை விட்டால் பாதை தெரியாது. வரிசை கனநேரம் நிண்டால் புகைக்குழாயைப் பனி மூடி நச்சுப்புகை உள்ளுக்கு வரும். அதுக்காகச் சவள் ஒண்டு எப்பவும் காருக்குள் இருக்கவேணும், தாங்கியில் அரைவாசிக்குக் குறையாமல் டீசலும். இரவில் கைபிரேக் போட்டால் உறைஞ்சு சில்லைப் பிடிச்சுக்கொள்ளும், கியரில்தான் விடவேணும். இந்த முறை நாலு ரயரும் மாத்தினபடியால் மாசிக் காசைப் பங்குனியோட சேர்த்து அனுப்புறன். வேற ஒண்டுமில்லை, யோசியாதேங்கோ.

ஒடியல்மா இங்க தங்கம். கால் கிலோவில் காய்ச்சுற கூழ் ஆறு பேருக்குக் காணும். ஊறவிட்டு, மா அடைய, மேல் தண்ணியை மூண்டு முறை வடிச்சால்தான் கசப்புப் போகுது. இங்கத்தைக் கொட் மீனின்ர தசை இதழிதழாக் கழரும். ஆனபடியால் தலையை முதலில் போட்டு அவிச்சு, மரவள்ளியும் பயத்தங்காயும் வெந்து, மா கரைச்சு ஊத்தின பிறகுதான் தசையைப் போடவேணும். தோசை மா புளிக்கக் குளியலறை நிலம்தான் இடம், நிலத்துக்குள்ளாலேயே சூடு வருது. மீன் பக்டரி வேலைக்கு எண்பதுகளில் வந்த எங்கட ஆக்களில் கனபேர் ஒஸ்லோப் பக்கம் போட்டினம். மிச்சமாய் நிக்கிற குடும்பங்கள் பூசை முடியக் கூழ்ச் சட்டியைச் சுத்தி இருந்து ஊர்க் கதை கதைப்பினம்.

பக்கத்து வீட்டுக் கிழவனார் கோயிலுக்கு வாறதில்லை, கதைக்கிறதும் இல்லை. ஞாயிறு விடியமுன்னம் கோயில் படியில் பனியை அள்ளிவிட்டுப் போயிடுவார். மாசியில் கொட் மீனை வாலோட வால் கட்டிச் சோடி சோடியாத் தூக்கிக் காயவிடுவார், உப்பே இல்லை. அஞ்சு கிலோ ஒரு கிலோவாகக் காயும். குளிர் கூடினால் தசை வெடிக்கும், சூடு கூடினால் இலையான் மொய்க்கும். கோடையில் கலைமான்கள் தெருவுக்குள் வந்து பூக்கண்டைத் தின்னுமெண்டு வலையும் கட்டி வைச்சிருக்கிறார். நல்ல மனுசன்.

கார்த்திகைக் கடைசியிலிருந்து தை 21 மட்டும் சூரியன் எழும்பாது. எல்லாரும் நாளுக்கு ஒரு தேக்கரண்டி மீனெண்ணெய் குடிக்கினம், நானும்தான். அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்து எங்கட வெயிலைத் தாங்கினவை, அதோட பாக்க இது பெரிசில்லை. ஆனால் அக்கா, பாசையூர்க் கோயில் மணியும் விடிய கரையில மீன் கூறுற சத்தமும் கேக்கவேணும் போல கிடக்கு.

கொப்பியில் கூடப் பக்கம் எழுதினது பதிவேட்டைப் பற்றித்தான். எங்கட பிள்ளையளின்ர பேர் ஞானஸ்நானப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் ஒரு மாதிரி. இங்க தகப்பன்ர பேரே குடும்பப் பேராகிவிடும். கலியாணத்துக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த பத்திரம் வேணும். பேர் ஒத்துவராட்டில் ஊர்ப் பங்குக்கு எழுதிப் பதில் வரமட்டும் எல்லாம் நிக்கும். கலியாணம் முடிஞ்சால், ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு அறிவிச்சு அந்தப் பதிவின்ர ஓரத்தில் குறிப்பிக்கவும் வேணும். அதை விட்டால் பின்னுக்கு அலையிறது அந்தப் பிள்ளைதான்.

காணியிலும் இதே கரைச்சல்தான். அப்பாவின்ர உறுதியில் என்ர பேர் எப்படி இருக்கெண்டு எழுத்தெழுத்தாப் பாத்து எழுதுங்கோ. அடையாள அட்டையோட ஒத்துவரவேணும். என்ர பங்கு மருமகளுக்குத்தான், அண்ணையிட்டை நானே கதைக்கிறன், நீங்கள் வாய் திறவாதேங்கோ. அற்றோணித் தத்துவம் அனுப்பச் சொன்னியள், வேண்டாம். நேர வந்து நொத்தாரிசுக்கு முன்னால, ரெண்டு சாட்சியோட கையெழுத்து வைக்கிறன். அதுக்குள்ள அத்தானைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுப்பியுங்கோ. நில அளவைப் படம் அம்மாவின்ர பெட்டிக்குள் இருக்கு.

ஆனி 13 அந்தோனியார் திருநாள், கொடியேத்தத்துக்கு முதல் வந்திடுவன். மாலை, பாண்ட் ஒண்டும் வேண்டாம். அந்தக் காசில் கிணத்துப் பக்கக் கூரை ஓடுகளை மாத்திவிடுங்கோ. கறையான் பிடிச்ச சலாகையையும் சேர்த்துக் கழட்டச் சொல்லுங்கோ.

செபத்துடன்,
தம்பி