ஆனைமலை எது, யானைமலை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில் ஆனைமலைக் குடைவரையை, அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயிலைப் பற்றி எழுதிவிட்டு, வால்பாறைச் சாலையில் எடுத்த படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குடைவரை மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ச் சாலையில், ஒத்தக்கடையை ஒட்டிய நரசிங்கத்தில் இருக்கிறது. படத்தில் உள்ளதோ பொள்ளாச்சிப் பக்கத்து மலைத்தொடர். நடுவே திண்டுக்கல், பழனி, உடுமலை என மூன்று ஊர்கள் கிடக்கின்றன!

ஓர் எழுத்து செய்த வேலை இது. ஆறு யாறு, ஆமை யாமை போல ஆனையும் யானையும் ஒன்றே. சமணர் இருப்பிடமாகச் சம்பந்தர் பாடிய 'ஆனைமாமலை', இன்று யானைமலை என்று நாம் சொல்லும் மதுரைக் குன்றுதான். அங்குள்ள, பழைய தமிழ்பிராமி எழுத்தில் வெட்டிய கல்வெட்டு அதை 'இவகுன்று' என்கிறது. இவம் என்றாலும் யானையே. குடைவரையைத் தொடங்கியவன் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி. வேலை முடியுமுன் அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தான். கல்வெட்டில் கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770.

இதைத் தேடிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் மாசாணியம்மன் கோயிலில் போய் நிற்போம். அங்கே இன்னொரு சிக்கல். அந்த அம்மன் கதையில் மாங்காய்க்காகப் பெண்ணைக் கொன்ற நன்னன், குறுந்தொகை 292இல் பரணர் சாடுகிறவன். சங்கநூலான மலைபடுகடாம் புகழும் நவிரமலை நன்னன் வேறு ஆள், செங்கத்துக்காரன். பாவம், அவனையும் இந்தப் பழியில் சேர்த்துவிடுகிறார்கள்.

இங்கே சென்னையில், மூலக்கடையிலோ வியாசர்பாடியிலோ வேன் பேசும்போது 'ஆனைமலை' என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் பொள்ளாச்சிக்குத்தான் கணக்குப் போடுவார். 'ஒத்தக்கடை நரசிங்கம்' என்று சொல்ல வேண்டும். ரயிலிலும் இதே கதை: மதுரை வண்டிகள் பெரும்பாலும் எழும்பூரில், பொள்ளாச்சி வழியே போகும் பாலக்காடு வண்டி சென்ட்ரலில்.

ஆகவே மலைப் பெயரோடு அடிவார ஊரையும் வட்டத்தையும் அச்சிடுங்கள். உயரம் மட்டும் போதாது. மகேந்திரகிரி என்றே இரண்டு மலைகள் உண்டு: ஒடிசாவில் 1501 மீட்டர், நெல்லையில் 1654 மீட்டர். படத்தைப் பார்த்து யாருக்கு வித்தியாசம் தெரியும்? சோழர் வெற்றித்தூண் நட்டது ஒடிசா மலையில், இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிப்பது நெல்லை மலையில்.

அடுத்து, ஆழ்வார்கள் பாடிய திருமால் தலங்களைப் பற்றிய திவ்யதேசத் தொடர் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். நம்மாழ்வாரின் திருச்செங்குன்றூர் கேரளத்துச் செங்கன்னூர். புழல் ஏரிக்கரைச் செங்குன்றத்துக்கு நிருபரை அனுப்பிவிடாதீர்கள்.

வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11