செயற்கைக்கோள் இணையத்துக்கு உரிமம் தரும் அதிகாரிகளுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். பகாங் உட்புறத்தில் ஃபைபர் எட்டாத ஒரு தோட்டத்து கிளினிக்குக்குக் கணக்கும் கணினியும் பார்ப்பவன் நான். அங்கே இணையம் டிஷ் வழியாகத்தான். அந்த நிலைமை உங்களுக்கே தெரியும்.

போன மாதம் மோடம் கெட்டுப்போய், சேவை நிறுவனத்தின் ஆள் புதிதாக ஒன்றை மாட்டினார். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வர்டை மாற்றவில்லையா என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும் இதேதான் சார்" என்றார். சரி, எங்கள் தகவல் பூட்டப்பட்டுத்தான் போகிறதா என்று நிறுவனத்துக்கே எழுதினேன். மூன்று முறை எழுதியும் பதில் இல்லை.

அன்று ஒரு பாட்டி வந்திருந்தார். பால்மரம் சீவிக் காய்ப்பேறிய கைகள். மருமகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டுதான் டாக்டரிடம் பேசினார். அடுத்த அறையில் இருந்த எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் அவருடைய அடையாள அட்டை எண், நோய், மருந்து எல்லாம் 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பி இறங்கின. இறங்கும் அலை ஓர் இடத்தில் மட்டும் விழுவதில்லை. பல நூறு கிலோமீட்டருக்குப் பரவி விழுகிறது. எங்கள் மென்பொருள் பழையது, அதில் குறியாக்கம், அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி, கிடையாது. இணைப்பிலும் இல்லையென்றால் அந்தப் பாட்டி சாத்திய கதவுக்கு என்ன அர்த்தம்?

2025-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சான் டியேகோவில் ஒரு கட்டடக் கூரையில் டிஷ் வைத்து, சுமார் 800 டாலர் கருவிகளைக் கொண்டே தொலைபேசிப் பேச்சையும் இராணுவத் தகவலையும் பூட்டில்லாமல் பிடித்துக் காட்டினார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணைய வலையமைப்பைத் தாக்கியவர்கள் வானத்துப் பக்கமே போகவில்லை. தரையில் சரியாக அமைக்காத ஒரு விபிஎன் (வெளியிலிருந்து வலையமைப்புக்குள் வர வைத்திருக்கும் தனி வழி) வழியாக நுழைந்து, பல்லாயிரம் மோடம்களின் நினைவகத்தை அழித்தார்கள். அதனால் ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. அப்படியிருக்க, எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வர்டா?

ஆகவே கேட்கிறேன்: உரிமம் தரும்போதே குறியாக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்.

நம் நாட்டில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. முக்கியக் கட்டமைப்புகளுக்கான சட்டம் அது. எங்கள் சின்ன கிளினிக்கை யார் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்? தோட்டத்துக்கு ரோடும் கடைசியில்தான் வந்தது, குழாய்த் தண்ணீரும் கடைசியில்தான் வந்தது. இப்போது பாதுகாப்பும் கடைசியில்தானா? கட்டணம் மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள்.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். குறியாக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு மோடத்துக்கும் தனிப் பாஸ்வர்டு இருக்கட்டும். எது பூட்டியிருக்கிறது, எது இல்லை என்று நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு எழுத்தில் தரட்டும். அதற்கு முன்னால், என் மூன்று கடிதங்களுக்கும் அந்த நிறுவனத்தைப் பதில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பாட்டி மறுபடி மருந்துக்கு வருகிறார்.

பணிவுடன்,
செந்தூல்வாசி ஒருவன்