கடனாக எழுதிக்கொண்டவருக்கு நன்றி

ஹூஸ்டன் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கும் அரசு வேலை எனக்கு. நிலுவைச் சம்பளம் வந்துவிட்டது. 2019 ஜனவரி 11ஆம் தேதி சம்பளச் சீட்டில் பூஜ்யத்தைப் பார்த்ததிலிருந்து எத்தனையோ பேர் கைகொடுத்தீர்கள். நேரில் நன்றி சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நிதி ஒதுக்கப்படாமல் அமெரிக்க அரசாங்கம் முடங்கிக் கிடந்த 35 நாளும் தொலைக்காட்சியில் அதுதானே ஓடியது.

வாடகையைத் தள்ளிப்போட்ட வீட்டுக்காரர், தமிழ்ப் பள்ளி வாசலில் சாம்பார் சாதப் பாத்திரத்தை என் காருக்குள் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போன அக்காமார், உணவு வங்கி வரிசையில் எனக்காக இடம் பிடித்து நின்ற சக ஊழியர்கள், எல்லோருக்கும் நன்றி. சோதனைச் சாவடியில் பணத்தை நீட்டிய பயணிகளுக்கும்தான். உங்களிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. மறுத்தபோது முகம் கடுத்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு ஒருவரைப் பற்றி. அவருக்குத் தமிழ் தெரியாது. இதைப் படிக்கப் போவதும் இல்லை.

சம்பளம் வராவிட்டாலும் நாங்கள் வேலைக்குப் போயாக வேண்டும். ‘அத்தியாவசியப் பணியாளர்’ என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். பட்டத்தை ஊற்றினால் கார் ஓடாது. ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல்தான் ஆள் போதாமல் எங்கள் விமான நிலையத்தின் பி முனையச் சோதனைச் சாவடியை மூடினார்கள். காலை நான்கு மணிக்கு பெட்ரோல் பங்கில் அட்டையைச் செருகினேன், ஏற்கவில்லை. இன்னொன்றும் அப்படியே. உள்ளே போய் பர்ஸைக் கவிழ்த்து எண்ணினேன். நான்கு டாலர் சொச்சம்.

கல்லாவில் இருந்த நேபாளத்துக்காரர் என் சீருடையைப் பார்த்தார். “நிரப்பிக்கொள்ளுங்கள், தீதி” என்றார். தீதி என்றால் அவர் மொழியில் அக்கா. இனாமாக வேண்டாம் என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

“இனாம் என்று யார் சொன்னது?”

லாட்டரி எந்திரத்தின் பக்கத்தில் கிடந்த பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். தேதியையும் தொகையையும் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். திருநெல்வேலியில் அம்மா என்னை அனுப்பிச் சாமான் வாங்கிவரச் சொல்லும் அண்ணாச்சி கடையில் இதே மாதிரி ஒரு பற்று நோட்டு உண்டு. இந்த நாட்டுக்கு வந்து 19 வருடத்தில் அப்படியொன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். சம்பளம் எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை. நிலுவை உண்டு என்ற சட்டத்தில் கையெழுத்தானதே மூன்று நாள் கழித்து, 16ஆம் தேதிதான்.

நான்கு முறை எழுதினார். போன வாரம் பணத்தோடு போனேன். ‘பரவாயில்லை, இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தோடுதான் போனேன். சொல்லவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். 86 டாலர் 40 சென்ட். 87 கொடுத்தேன்; 60 சென்ட் மீதியை எண்ணிக் கையில் வைத்தார். அந்த 60 சென்ட்டுக்காகத்தான் இந்த மடல். அத்தனை நாளில் என்னைப் பாவமாகப் பார்க்காத கண் அவருடையது ஒன்றுதான். அக்காமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுத்தான் என் பிள்ளைகள் தூங்கினார்கள். ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கழுவும்போதெல்லாம் நான் அழுதேன்.

எனக்காவது நிலுவை வந்தது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் அரசு அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்தக் காவலராக இருக்கிறார். அவருக்கு வேலையே நிறுத்தப்பட்டது. சம்பளம் போனது போனதுதான். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. “பணம் வந்துவிட்டதாமே, சந்தோஷம்” என்று மாடிப்படியில் அவர் சொன்னபோது எனக்குக் கூசிவிட்டது. இனி அவர் வண்டிக்கு ஊற்றுவதை என் பெயரில் எழுதும்படி பங்கில் சொல்லிவைத்திருக்கிறேன். கையெழுத்து அவர் போடட்டும். எப்போது முடிகிறதோ அப்போது எனக்குத் தரட்டும்.

அரசாங்கத்தைத் திறந்த தற்காலிக நிதி 2019 பிப்ரவரி 15 வரைதான். கணக்கு முடிந்ததே, என் பக்கத்தைக் கிழித்துவிடலாமே என்று நேபாளத்துக்காரரிடம் கேட்டேன்.

“கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது, தீதி. 15ஆம் தேதி போகட்டும்” என்று நோட்டை மூடி, லாட்டரி எந்திரத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.